ஏழெழுத்து மணி

காலை 11.40க்கு அத்தான் போனில் அழைத்தார். 12.05க்குத் தங்கை அக்காவின் கட்டிலருகே நின்றாள்.

அக்கா தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போயிருந்தாள். மடியில் அன்றைய செய்தித்தாள். அதன்மேல் நாற்பத்தொரு ஆங்கிலச் சொற்கள் எழுதிய காகிதம். கட்டிலுக்கடியில், கை எட்டாத சுவரோரத்தில், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரைப் புட்டி உருண்டு கிடந்தது.

அத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். காது மடலில் ஒரு பஞ்சிழை ஒட்டியிருந்தது. கேட்காமலேயே சொன்னார்.

"எட்டு மணிக்கு ஏழெழுத்தும் கிடைச்சிருச்சுன்னு உனக்குப் போன்ல மணி அடிச்சா, பாப்பா. நீ எடுக்கலைன்னு ஒரே சிரிப்பு. பதினோரு மணி வரைக்கும் உக்காந்து எழுதினா. நான் சமையல்கட்டுலேர்ந்து வர்றதுக்குள்ள..."

தங்கை காகிதத்தைப் பார்த்தாள். ஏதோ உறுத்தியது. என்னவென்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

12.50க்கு டாக்டர் வந்தார். "விறைச்சிருக்கு. எட்டு, எட்டரைக்கே போயிருக்கணும்" என்றார். இறப்புச் சான்றிதழ் எழுத மறுத்து, போலீசுக்குச் சொன்னார்.

பிற்பகல் 3.10. அக்காவின் உடலைப் பரிசோதனைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் சப்-இன்ஸ்பெக்டர் அம்மாள் குறிப்பேட்டைத் திறந்தார். எதிரே தங்கை. ஜன்னலோரம் அத்தான்.

"இது என்ன விளையாட்டும்மா?"

"தினமும் பேப்பர்ல ஏழு எழுத்து குடுப்பான். அந்த எழுத்துகளை வெச்சு வார்த்தை கண்டுபிடிக்கணும். நடு எழுத்து கட்டாயம் இருக்கணும். இன்னிக்கு நடு எழுத்து என். அக்கா இங்க, நான் எங்க வீட்ல. மத்தியானம் பன்னண்டுக்குப் போன்ல பட்டியலைப் படிப்போம். பதினாலு வருஷமா."

"ரெண்டு பேருக்கும் ஏபிசிடி பைத்தியம்" என்றார் அத்தான் மெல்ல. தினமும் சொல்கிற கேலிதான். இன்று அதில் சிரிப்பில்லை.

"பேப்பர் எத்தனை மணிக்கு வரும்?"

"ஏழரைக்கு."

"நாப்பத்தொரு வார்த்தைக்கு?"

"மூணு மணி நேரமாவது ஆகும்."

"அப்ப பத்தரை வரைக்கும் உயிரோட இருந்திருக்காங்க. ஒண்ணு டாக்டர் தப்பு. இல்லேன்னா..." சப்-இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "மாத்திரைப் புட்டியைக் கை எட்டாத இடத்துக்குத் தள்ளிவிட்டது யாருன்னு நான் கேக்க வேண்டியிருக்கும்."

அத்தான் தலை நிமிரவில்லை.

தங்கை காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அடுத்தவர் எழுத்தை வரிவரியாகப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. இந்தக் காகிதத்தை மட்டும் மூன்று மணி நேரமாக அவள் கண் தவிர்த்துக்கொண்டிருந்தது.

"இதை எழுதினது அக்கா இல்ல, மேடம்."

"கையெழுத்து?"

"பெரிய எழுத்து, யார் வேணா எழுதலாம். வரிசையைப் பாருங்க. முதல்ல நாலெழுத்து வார்த்தைகள், அகராதி மாதிரி ஏ-ல ஆரம்பிச்சு டி-ல முடியுது. அப்புறம் அஞ்செழுத்து, அதே மாதிரி. ஆறு, ஏழு. அக்காவுக்கு இப்படி வராது. 'ரெயின்' எழுதினா முன்னால ஒரு எழுத்தை ஒட்டி 'டிரெயின்'ம்பா. இன்னொண்ணு ஒட்டி 'ஸ்டிரெயின்'ம்பா. தாயும் பிள்ளைகளுமா சேர்ந்தேதான் எழுதுவா. இங்க மூணும் மூணு மூலைல கிடக்கு."

"ம்."

"இதோ, 'ரெட்சினா'."

"அப்படின்னா?"

"எனக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அர்த்தம் சொல்லத் தெரியாத வார்த்தையை எழுதக் கூடாதுங்கறது எங்க சட்டம். இது போன்ல எழுத்தைப் போட்டுத் தேடி, வந்ததைப் பாத்து எழுதினது." காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்கத் தழும்புகள். "எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கு பாருங்க. படம் வரையற மாதிரி. இங்கிலீஷ் எழுதிப் பழக்கமில்லாத கை."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், ராத்திரி பேக்கரியில அடுப்பு வேலை முடிச்சு, ஆறு மணிக்கு வீட்டுக்கு வர்றீங்க. எட்டு மணிக்கு நீங்க தூங்கற நேரம். காதுல பஞ்சோட."

அவர் காதைத் தடவினார். பஞ்சிழை விரலில் வந்தது. அதைப் பார்த்ததும் அவர் உடைந்தார்.

"அவதான் உருட்டிக் குடுப்பா. தெருச் சத்தத்துல நான் தூங்க மாட்டேன்னு... கூப்பிட்டிருப்பா. கேக்கலியே எனக்கு. பத்தே முக்காலுக்கு எழுந்து போய்த் தொட்டேன். சில்லுனு இருந்தா."

"அப்புறம் ஒரு மணி நேரம் உக்காந்து இதை எழுதினீங்களா?" சப்-இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியிருந்தது. "எதுக்கு? தூங்கினது குத்தமில்லையே."

அத்தான் தங்கையைப் பார்த்தார். போதும் பாப்பா, இதோட விட்டுவிடு என்று கெஞ்சுகிற பார்வை. அந்தப் பார்வையில்தான் அவளுக்கு மிச்சமும் விளங்கியது.

"எனக்காக" என்றாள். "மேடம், ஏழெழுத்தும் வர்ற வார்த்தை கிடைச்சா மட்டும், பன்னண்டுக்கு முன்னாடியே மணி அடிக்கலாம். ஒரே மணி. உடனே வெட்டிடணும். நான் ஜெயிச்சுட்டேன்னு அர்த்தம். காலைல எட்டு பத்துக்கு அக்கா அடிச்சா. அத்தான் அவ போன்ல அதைப் பாத்திருக்கார். அது ஜெயிச்ச மணிதான்னு நான் நம்பணும். அதுக்கு ஏழெழுத்து வார்த்தை வேணும். அதைப் பாத்துப் பாத்து எழுதியிருக்கார்."

"எது ஏழெழுத்துன்னு எண்ணி எண்ணிப் பாத்தேன்" என்றார் அத்தான். "அதை மட்டும் எழுதினா உனக்குச் சந்தேகம் வருமேன்னு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் விட்டு விட்டு எழுதினேன்."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். தங்கை பிரித்தாள். ரெயின், டிரெயின், ஸ்டிரெயின். கீழே நியர், எர்ன். ஐந்தே சொற்கள். ஏழெழுத்துச் சொல் இல்லை. அதன் பிறகு ஒரு பென்சில் கோடு தாளின் விளிம்புவரை சரிந்து போயிருந்தது.

"நானும் அப்போ அஞ்சுலதான் நின்னுக்கிட்டிருந்தேன்" என்றாள் தங்கை.

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "நீங்க ஜெயிச்ச மணின்னு நெனச்சு எடுக்கல. அவ்வளவுதானேம்மா. யார் மேலயும் தப்பில்ல."

"ஜெயிச்ச மணி ஒரு தடவைதான் அடிக்கும், மேடம்."

தங்கை அந்தப் பென்சில் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இன்னிக்கு வெட்டாம அடிச்சுது. நான் எண்ணினேன். அவ்வளவு சீக்கிரம் ஜெயிச்சுட்டு வெட்டக்கூட மாட்டேங்கறா, என்ன கொழுப்புன்னு போனைக் கவுத்து வெச்சேன். கவுத்த பிறகும் எண்ணினேன். பதினொண்ணு."

அத்தான் வந்து அவள் தலைமேல் கை வைத்தார். அந்தக் கையில் மாவு வாசனை இருந்தது.

தங்கை தன் போனை எடுத்தாள். எட்டு பத்து என்று சிவப்பில் தெரிந்த வரியைத் தொட்டாள். உள்ளே, வெறும் கட்டிலின் தலைமாட்டில், அக்காவின் போன் அடிக்கத் தொடங்கியது. முதல் மணியில் அவள் வெட்டவில்லை. அத்தானும் அவளும் கடைசி மணிவரை கேட்டுக்கொண்டு நின்றார்கள்.