ஞாயிற்றுக்கிழமை அதிர்ந்த சுவர்

குவாரிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த வீட்டுச் சுவர் அதிர்ந்திருந்தது.

பொறியாளர் கோவிந்தராஜுலுவுக்கு அது போதும். குவாரி வெடியால்தான் வீடு விரிசல் விடுகிறதா என்று பார்க்க, மதுக்கரைக்கு அப்பாலிருந்த அந்தச் சின்ன வீட்டின் சுவர்களிலும் மேலே உத்தரத்திலும் கண்ணாடி இழையை ஒட்டிவிட்டுப் போனவர் அவர்தான். இழைக்குள் ஒளி ஓடிக்கொண்டே இருக்கும். சுவரில் எங்கே தட்டினாலும் அந்த இடம் லேப்டாப் திரையில் புள்ளியாகத் துள்ளும். வெடியில்லாத நாளில் துள்ளினால் யாரோ வேண்டுமென்றே இடிக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? நஷ்டஈட்டுக்காக அவர் காதில் பூச்சுற்றப் பார்த்த வீட்டுக்காரர்கள் கொஞ்சமா நஞ்சமா!

திங்கட்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வீட்டுக்காரன் அருள்குமார் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் மனைவி லோகப்பிரியா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"சொவரு நடுங்குதுன்னு பக்கத்து ஊட்டுலதானுங்க படுக்கறோம். பயமில்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா, இன்னிக்கே பாப்பாவ உள்ளார தூங்க வெச்சுருவேனுங்க."

"சொவரு கெட்டியாத்தான் இருக்குது அம்மணி. தட்டற கையத்தான் கண்டுபுடிக்கோணும்," என்றார் அவர், அருள்குமாரைப் பார்த்துக்கொண்டே.

சங்கு ஊதியது. வெடிக்கு முன்னால் ஒரு சங்கு, முடிந்ததும் ஒரு சங்கு. முதல் சங்குக்குத் தெருவே வெளியே வந்து நிற்பதும் இரண்டாவதற்கு உள்ளே போவதும் அங்கே பழக்கம். எல்லோரும் வெளியே போனார்கள். அவர் மட்டும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே உட்கார்ந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிடுவதாக எண்ணம்.

வெடித்தது. சமையலறையில் பாத்திரங்கள் கிணுகிணுக்க, திரை முழுக்கப் புள்ளிகள் கொதித்து அடங்க, ஜன்னல் வழியே வந்த வெடிமருந்தின் கசப்பும் கல்தூசியும் வீட்டுக்குள்ளிருந்த ஈரத்துணி வாடையோடு கலந்து நாக்கில் ஒட்டின. பிறகு ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. சமையலறைச் சுவரில் ஒரே ஒரு புள்ளி துள்ளியது.

பின்பக்கமாகப் போய்த் தட்டுகிறான், பாவி! ஜன்னலில் எட்டிப் பார்த்தார். தெருவில், மனைவிக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான் அருள்குமார்.

கருவிக் கோளாறாக இருக்கலாம். இழை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தட்டித்தான் பார்ப்பார்கள். பக்கத்துச் சுவரில் இரண்டு தட்டு தட்டினார். அந்த இடத்தில் இரண்டு துள்ளல். கருவியில் குறையில்லை.

சமையலறைச் சுவரும் இரண்டு முறை துள்ளியது.

அவருக்குப் பயம் வந்துவிட்டது. புள்ளி நகர ஆரம்பித்தது. சமையலறை. கதவு நிலை. இந்த அறையின் சுவர். சத்தமே இல்லை. அவர் தோளுக்குப் பின்னால். இன்னும் மேலே. உத்தரம்.

அங்கே நின்றது.

இரண்டாவது சங்கு ஊதியது.

வராதே என்று கத்தப் பார்த்தார். காற்றுதான் வந்தது.

லோகப்பிரியா சிரித்த முகமாக உள்ளே வந்தாள். "வெடிக்கறப்ப நீங்களே உள்ளார உக்காந்திருந்தீங்களா, அதப் பாத்துத்தானுங்க எனக்குத் தெகிரியம் வந்துச்சு. பாப்பாவப் படுக்கப் போட்டுடறேனுங்க."

உத்தரத்துக் கொக்கியில் பழஞ்சேலைத் தூளி கட்டியிருந்தது. குழந்தை இன்னும் அவள் தோளில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. தூளி, பாரம் தாங்காமல் தரையைத் தொடுமளவு இறங்கி, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.