முப்பத்தெட்டு வரை சுற்றிய சக்கரம்

எங்கள் ரோலர் ஹாக்கி பயிற்சியில் ஒரு பழக்கம் உண்டு. யார் புது ஸ்கேட்ஸ் வாங்கி வந்தாலும் முதலில் அதைக் கவிழ்த்துப் பிடிப்போம். கேப்டன் ஒரு சக்கரத்தை விரலால் சுண்டிவிடுவான். அது நிற்கும்வரை எல்லோரும் சேர்ந்து எண்ணுவோம். இருபது வந்தால் சுமார். முப்பது வந்தால் சூப்பர்.

எங்களோடு பயிலும் பல்டியின் ஸ்கேட்ஸ் முப்பத்தெட்டு வரை சுற்றியது. யாருடையதும் அவ்வளவு சுற்றியதில்லை. கேப்டனே அவனோடு கடைக்குப் போய், இருந்த ஜோடிகளை எல்லாம் சுண்டிச் சுண்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அது.

ஆனால் பாருங்கள், அதைப் போட்டுக்கொண்டு அவன் ஒரு தடவைகூட ஒழுங்காகத் திரும்பியதில்லை. திரும்பினால் தடால்! நின்றால் தடால்! பல்டி என்ற பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது.

"ஸ்கேட்ஸ் மேல தப்பே இல்லடா. உன் கால்தான் சரியில்ல" என்பான் கேப்டன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

என் பட்டப்பெயர் தொணதொண. நான் ஓயாமல் கேள்வி கேட்கிறேனாம். கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது, நீங்களே சொல்லுங்கள்!

ஒரு நாள் மாலை அணித் தேர்வு. அடுத்த வாரப் போட்டிக்கு ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அதற்கு நானும் பல்டியும் மட்டும்தான். நான் அரை மணி முன்பே வந்து லேஸை இறுக்கிக் கட்டிவிட்டேன். பல்டியோ ஸ்கேட்ஸை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"நான் ஆடல. நீயே போ" என்றான்.

"ஏன்டா?"

"அப்பா எவ்வளவு ஆசையா வாங்கிக் கொடுத்தாரு! இவ்வளவு நல்ல ஸ்கேட்ஸ்லயே எனக்கு வரலன்னா, எதுலதான் வரும்? இன்னியோட விட்டுடப் போறேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

"சக்கரம் ரொம்ப நேரம் சுத்தினா நல்ல ஸ்கேட்ஸ்னு யாருடா சொன்னது?"

"கேப்டன்."

"கேப்டனுக்கு யாரு சொன்னது?"

பல்டி யோசித்தான். "தெரியலையே."

"நாம என்ன அந்தரத்துலயா விளையாடறோம்? தரையிலதானே?"

என் ஸ்கேட்ஸைக் கழற்றினேன். அதில் ஒன்றையும் அவனுடையதில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் கையால் அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினேன். அவனுடையது சர்ரென்று வழுக்கிப் போய்ச் சுவரில் இடித்தது. என்னுடையது நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

சக்கரங்களை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். என்னுடையதில் நகம் பதிந்தது. அவனுடையதில் நகம்தான் வலித்தது! என் சக்கரத்தின் ஓரத்தில் 76 என்று எழுதியிருந்தது. அவனுடையதில் 84. எண் கூடக் கூடக் கெட்டி போலிருக்கிறது.

"உன் சக்கரம் ரொம்பக் கெட்டிடா. நாள்பட்ட ரப்பர், பென்சில் கோட்டை அழிக்காம வழுக்குமே, அது மாதிரி. சொரசொரப்பான ரோட்டுக்கு இது சரியா இருக்கலாம். நம்ம தரை வழவழன்னுல்ல இருக்கு! உன் சைஸ் என்ன?"

"நாலு."

"எனக்கும் நாலுதான். என்னோடதைப் போட்டுக்கோ."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இவன் நன்றாக ஆடிவிட்டால் என் இடம் போச்சே! வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்துவிட்டதைத் தெரியாதது போல எப்படி வைத்துக்கொள்வது? பேசாமல் அவன் ஸ்கேட்ஸை மாட்டிக்கொண்டேன்.

விசில் அடித்தது. முதல் திருப்பத்திலேயே நான் தரையில் கிடந்தேன்.

"என்ன தொணதொண, நீயும் பல்டியா?" என்று கேப்டன் கத்தினான். எழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். முழங்காலுக்கு உறை இல்லாவிட்டால் என் கதை கந்தல்தான்.

பல்டி மட்டும் விழவில்லை. வலதுபுறம் திரும்பினான். இடதுபுறம் திரும்பினான். அவனுக்கே நம்ப முடியாமல் "ஐயோ!" என்று கத்திக்கொண்டே பந்தைக் கோலுக்குள் அடித்தான்.

கோச் மிஸ் விளையாட்டை நிறுத்தினார். "ரெண்டு பேரும் ஸ்கேட்ஸை மாத்திக்கிட்டீங்களா? எதுக்கு?"

நடந்ததைச் சொன்னேன். மிஸ் சக்கரத்தை அழுத்திப் பார்த்தார். "இதை யாரு தேர்ந்தெடுத்தது?"

கேப்டன் தலையைச் சொறிந்தான். "நான்தான் மிஸ். முப்பத்தெட்டு வந்துச்சு..."

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அலமாரியிலிருந்து மெத்தென்ற பழைய சக்கரங்களையும் ஸ்பேனரையும் எடுத்து வந்தார். கேப்டன் ஸ்பேனரை வாங்கிக்கொண்டான். "நானே மாட்டித் தரேன்டா. ஸாரி" என்று தரையில் உட்கார்ந்தான்.

அதன் பிறகு நாங்கள் அவரவர் ஸ்கேட்ஸில் மறுபடியும் ஆடினோம். நான் உயிரைக் கொடுத்து ஆடினேன். பல்டி என்னைவிட நன்றாக ஆடினான். மிஸ் அவனை எடுத்தார், என்னை மாற்று ஆளாக வைத்தார். வருத்தம் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தண்ணீர் குடிக்கப் போவது போல் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். பல்டி மட்டும் அசுர வேகத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினான். அடுத்த நொடி கால் பின்னித் தரையில் உருண்டான்.

நான் பதறி ஓடினேன். அவன் மல்லாந்து கிடந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"பாத்தியா? இந்தத் தடவை தப்பு ஸ்கேட்ஸ் மேல இல்ல. நானேதான் விழுந்தேன்!"