ஒயில் சட்டி

அஸீமின் உள்ளங்கையில் விழுந்த ஒயில் துளி சுட்டது. நேற்றிலிருந்து ஸ்டார்ட் பண்ணாத லொறி அது.

வெயில் சூடாக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, முன்சில்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் நுழைந்து, கால்களை வெளியே விட்டபடி எஞ்சினுக்கு அடியில் மல்லாந்தான். ஹாபர் பக்கமிருந்து உப்புக்காற்றும் கருவாட்டு வாடையும் வந்துகொண்டிருந்தன. இறக்கக்கண்டி மீன்வாடிகளுக்கு ஐஸ் ஏற்றும் இந்தக் கிழட்டு லொறியை, ஒயில் கசிவு பிடிபடாமல், ஊரிலுள்ள மெக்கானிக் எல்லாரும் கைவிட்டாயிற்று. அதனாலேயே அஸீமுக்கு வீம்பு.

"கவனம் நானா," என்றார் சாரதி வீரக்குட்டி, ஆசனத்திலிருந்து.

"நான் தட்டுறதை மட்டும் கேளுங்க அண்ணே."

எஞ்சின் இரைச்சலில் கதை கேட்காது. அதனால் ஸ்பானரால் தட்டுவது கராஜ் வழக்கம். ஒன்று என்றால் ஸ்டார்ட், இரண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் பின்னுக்கு எடு.

எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சட்டியை மண்ணெண்ணெயால் துடைத்து, கோதுமை மாவை அள்ளி அப்பினான். கசிகிற இடத்தில் மா கறுத்துக் காட்டிக்கொடுக்கும். ஒரு தட்டு. எஞ்சின் உறுமியது. மூட்டுகளிலெல்லாம் மா வெள்ளையாகவே இருந்தது. சட்டியின் நட்டநடுவில், வெறும் இரும்பில், மெல்லக் கறுத்தது. பிறகு அந்த இடத்து மா ஊதியதுபோல் பறந்தது. உள்ளே இழுபட்டது. மறுபடி பறந்தது.

இரண்டு தட்டினான். எஞ்சின் நின்றது.

மா பறப்பது நிற்கவில்லை.

வெளியே நழுவப் பார்த்தான். ஏலவில்லை. தலைமயிரை ஏதோ பிடித்திருந்தது. கத்த வாய் திறந்தான். சூடாக ஒயில் கொட்டியது. வாய் நிறைய. தொண்டை நிறைய. ஸ்பானர் கைதவறி விழுந்தது.

டங்.

சட்டிக்குள்ளிருந்து.

எஞ்சின் ஸ்டார்ட் ஆனது.

டங். டங். டங்.

"நானா, காலை உள்ளுக்கு எடுத்திட்டீங்களா?"

இரைச்சலை மீறி, இரும்புக்குள்ளிருந்து அஸீமின் சொந்தக் குரல் பதில் சொன்னது. "ஓம் அண்ணே. எடுங்க."

லொறி அசைந்தது. முன்சில்லு கணுக்காலைத் தொட்டது. ஏறியது. அஸீமின் அலறல் ஒயிலுக்குள் குமிழிகளாக வெடித்தது.

"என்னவோ தடக்குது நானா!"

"கல்லுதான் அண்ணே. இன்னுங் கொஞ்சம் எடுங்க."