மிச்சம் ஒன்று

மேசைக்குத் திரும்பியபோது திரையில் பச்சைப் புள்ளி ஒன்றைக்கூடக் காணோம்.

அவன் கணினியில் உருவாக்கிக்கொண்டிருந்தது ஒரு கண்ணாமூச்சி ஆட்டம். ஒளிவது பச்சைப் புள்ளிகள், தேடுவது ஒரு சிவப்புப் புள்ளி. சிவப்பின் கண்ணில் பட்டது அழிந்துபோகும். தப்பித்தது குட்டி போடும், குட்டிகள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒளியும். யாரும் சொல்லித்தராமலே தலைமுறைக்குத் தலைமுறை தேறிவந்தன. புதிதாக ஒரு வரைபடம் போடச் சோம்பல்பட்டு, மகராசன் தன் வீட்டையே அளந்து உள்ளே போட்டிருந்தான்.

இப்போது படிப்பறையில் சிவப்பு மட்டும் நின்றது. ஓரத்தில், 'மிச்சம் இரண்டு'.

"ஒளிஞ்சிட்டேன்! வாங்கப்பா!" எங்கிருந்தோ மகள் கத்தினாள். அவன் தோற்றால் அவளே வெளியே வருவாள். அது அவர்கள் வீட்டுச் சட்டம்.

மழை இருட்டிக்கொண்டு வந்த அந்தச் சாயங்காலத்தில், குளிர்பெட்டியின் முனகலையும் ஈரத்துணியின் வாடையையும் தாண்டி, கட்டிலடி, கதவிடுக்கு என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனான். கூடத்தில் திரைச்சீலை அசைந்தது. விலக்கினான். பூனை.

"அடி கள்ளி, நீயா?"

கண் இமைத்தான். பூனை இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. அது படுத்திருந்த இடம் மட்டும் இன்னும் கதகதப்பாக இருந்தது.

படிப்பறைக்கு ஓடினான். 'மிச்சம் ஒன்று'.

இடப்பக்கம் ஓரடி வைத்தான். சிவப்பும் வைத்தது. நின்றான். நின்றது.

மின்கம்பியைப் பிடுங்கினான். திரை அணையவில்லை.

முதுகுக்குப் பின்னால் அலமாரிக்குள் ஒரு சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. கண்களை இறுக மூடி, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"வராதடா தங்கம். அங்கயே இரு."

"தோத்துட்டீங்களா? அப்ப நானே வரேன்!"

"வேணாம்மா. அப்பா சொன்னா கேளு."

கீல் முனகியது. வெறுங்கால்கள். அருகே. எதிரே.

"கண்ணத் தொறங்கப்பா."

தலையை ஆட்டினான். அழுதான். அவளுக்கு அது விளையாட்டு. அப்பாவுக்குக் கூச்சம் அதிகம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சின்ன விரல்கள் அவன் அக்குளுக்குள் புகுந்தன.

"கிச்சு கிச்சு கிச்சு!"

அழுகையோடு சிரிப்பும் பீறிட்டது. கைகள் தாமாகவே கீழே இறங்கின. இனி இமைகள்தான். அவையும் துடிக்க ஆரம்பித்திருந்தன.