பார்க்கில் எவன் தோண்டப் போகிறான்?

செல்போன் அலறியது!

இளையபெருமாள் பாய்ந்து எடுத்தார். தஞ்சாவூரில் முப்பது வருஷமாக நிலப் புரோக்கர். நஞ்சையை மனையாக்கி விற்றே தொப்பை வளர்த்தவர்.

"சார், ஆடிட்டர் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்க ரியல் எஸ்டேட் ஏஜென்ட் லைசன்ஸ் வந்துடுச்சு!"

"வந்துடுச்சா...!"

இனி அவர் வெறும் புரோக்கர் இல்லை. அரசாங்கம் பதிவு செய்த ஏஜென்ட்! இதுவரை சும்மா சொன்ன பொய்களை இனி நம்பர் போட்டுச் சொல்லலாம்.

உடனே தன் கட்சியின் கிளைச் செயலாளர் சிங்காரவேலுவைக் கூப்பிட்டார்.

"சிங்காரம்! லைசன்ஸ் வந்தாச்சுடா! ஊரே திரும்பிப் பாக்கணும்!"

"விடுங்கண்ணே... அசத்திப்புடுறேன்!"

போனை வைத்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. கூட்டாளி வைத்தியலிங்கம் உட்கார்ந்த நாற்காலி.

போன மாதம், இருவரும் சேர்ந்து பிரித்த மனைப்பிரிவில் நின்றுகொண்டு அந்த ஆள் சொன்னது...

"வாய்க்காலைத் தூத்துல்ல பிளாட் போட்டிருக்கே? மரியாதையா திரும்ப வெட்டி விடு. இல்லேன்னா உனக்கு லைசன்ஸ் குடுக்கக் கூடாதுன்னு நானே எழுதிப் போடுவேன்!"

பெரிய யோக்கியன்! பங்கு வாங்கும்போதெல்லாம் எங்கே போயிருந்தது இந்த யோக்கியம்?

கைக்குக் கிடைத்தது ஓர் எல்லைக்கல்.

ஒரே அடி!

வைத்தியலிங்கம் சுருண்டு விழுந்தார். எழவில்லை.

எங்கே புதைப்பது...? மனையில் புதைத்தால், வாங்கியவன் அஸ்திவாரம் தோண்டுவான். சாலையில் புதைத்தால், குழாய் போடுகிறவன் தோண்டுவான். தூர்த்த வாய்க்காலிலா? மேட்டூர் திறந்தால் தண்ணீர் பழைய வழியைத் தேடி வந்து தொலைக்கும்.

பார்க்!

வரைபடத்தில் பச்சை வர்ணம், தரையில் ஒரு போர்டு. அவ்வளவுதான் பார்க். எந்த மனைப்பிரிவில் எவன் பார்க் கட்டியிருக்கிறான்? வைத்தியலிங்கத்தை அங்கேயே புதைத்தார். முப்பது வருஷ அனுபவம் பேசியது.

லைசன்ஸ் செய்தி வந்த அன்று மாலையில் ஆபீஸ் கதவு திறந்தது.

காக்கிச் சட்டை! இன்ஸ்பெக்டர் ஆசியா.

"வாங்க மேடம், உக்காருங்க. பிளாட் பாக்க வந்தீங்களா?"

"இல்ல. வைத்தியலிங்கத்தைப் பத்திக் கேக்க வந்தேன். காணோம்னு அவர் சம்சாரம் அமிர்தம் புகார் குடுத்திருக்காங்க."

"அவன் மலேசியா போயிட்டான் மேடம். அங்க ஒரு தொடுப்பு... பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டா போவான்?"

"பாஸ்போர்ட் வீட்ல இருக்கே சார்?"

"அப்ப... கேரளாவா இருக்கும்."

ஆசியா சிரிக்கவில்லை. நல்லவேளையாகப் போன் அடித்தது. சிங்காரவேலு! இளையபெருமாள் வேண்டுமென்றே ஸ்பீக்கரைப் போட்டார். ஆளுங்கட்சிக் குரல் இந்தப் பொம்பளையின் காதில் நன்றாக விழட்டும்!

"சொல்லுடா சிங்காரம்!"

"அண்ணே, உங்க லைசன்ஸைக் கொண்டாட நீங்க பிளாட் போட்ட நகர்ல கட்சிக் கொடிக்கம்பம் நடுறோம்! மாவட்டச் செயலாளரே வந்து கொடியேத்துறாரு!"

"எ... எங்கடா?"

"பார்க்லதாண்ணே! சும்மா கெடக்குற எடம். நாம முந்தலேன்னா எதிர்க்கட்சிக்காரனுங்க கம்பத்தை நட்டுருவானுங்க!"

பார்க் கட்ட எவனும் வரமாட்டான் என்று கணக்குப் போட்டவர், காலி இடத்தைக் கண்டால் கட்சிக்காரனுக்குக் கை அரிக்கும் என்பதை மறந்துவிட்டார். அதுவும் இத்தனை காலம் கட்சியில் இருந்துகொண்டு!

"தோண்டாதடா...!"

"தோண்டியாச்சுண்ணே! உசரமான கம்பம்ல... ஆழமாவே போயிட்டோம்... இருங்கண்ணே... ஐயையோ! கை... கை ஒண்ணு தெரியுது! வைத்தி அண்ணன் மோதிரம்ணே...!"

ஸ்பீக்கரை அணைக்க விரல் பாய்ந்தது. அதற்குள் போன் ஆசியாவின் கைக்குப் போயிருந்தது.

"அங்க யாரும் எதையும் தொடாதீங்க. போலீஸ் வருது."

இளையபெருமாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மேடம்... நான் லைசன்ஸ் வாங்கின ஏஜென்ட்..."

"அது அஞ்சு வருஷம்தான் சார் செல்லும். நான் உங்களுக்குப் பாத்து வெச்சிருக்குற எடம் ஆயுசுக்கும்! வில்லங்கமே கெடையாது... காம்பவுண்டு சுவரும் நல்ல உசரம்!"