டோனட் பெட்டியில் நான்கு பிரேக் பேட்

திங்கட்கிழமை, பிற்பகல் 2.10.

மேட்டிலிருந்து இறங்கிய தபால் ஜீப்புக்கு பிரேக் பிடிக்கவில்லை. அடிவாரத்தில் பள்ளிப் பேருந்து நின்றிருந்தது. வெர்னா ஸ்டால்நேக்கர் மூன்று முறை மிதித்தாள். மூன்று முறையும் மிதி தரையைத் தொட்டது. ஸ்டியரிங்கை ஒடித்து, சர்ச்சின் கல்சுவரில் வண்டியை முட்டவிட்டாள். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. வெர்னாவுக்குக் காறை எலும்பு முறிந்தது.

மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலைப் பாதையில் இருபத்தாறு வருடமாகத் தினம் நானூறு பெட்டிகளில் தபால் போடுகிறவள் அவள். தினம் நானூறு முறை பிரேக் என்று அர்த்தம். விபத்துக்கு முந்தின நாள்தான் ஹோபர்ட் செய்ரின் பட்டறையில், முன் சக்கரங்களைக் கவ்வி நிறுத்தும் பிரேக் பேட்கள் நான்கையும் மாற்றி வாங்கியிருந்தாள். அவளுக்காக ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையைத் திறந்தவன் ஹோபர்ட். அவள் கணவனின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவன். அவன் வீட்டுக்குத் தபால் போடும்போது மட்டும் இரண்டு முறை ஹார்ன் அடிப்பாள். வேறு யாருக்கும் அந்த மரியாதை கிடையாது.

செவ்வாய்க்கிழமை, காலை 10.30. பட்டறை.

"ஜீப்பைக் கழட்டிப் பாத்தாச்சு," என்றாள் போலீஸ் டெபுடி டிரெஸா போக்ஸ். "உள்ள இருந்தது அதே தேஞ்ச பழைய பேட். இரும்போட இரும்பு உரசி, பிரேக் எண்ணெய் பூரா ஒழுகிப்போச்சு. யார் செஞ்ச வேலை?"

"டென்னி," என்றான் ஹோபர்ட், உடனே. "புது பேட் எடுத்துக் குடுத்தேன். வித்துத் தின்னுட்டான். எங்கயோ கிடந்த பழசைக் காட்டி என் காதுலயும் பூ சுத்திட்டான்."

டென்னி கட்லிப் மூலையில் நின்றான். முப்பத்தைந்து வயது. திருடிவிட்டு இரண்டு வருடம் உள்ளே இருந்து, பரோலில் வெளியே வந்தவன். காலில் கண்காணிப்புப் பட்டை. வீடு, பட்டறை, சர்ச், இந்த மூன்றைத் தவிர எங்கே போனாலும் அது காட்டிக்கொடுக்கும். வெர்னா எழுதிக் கொடுத்த கடிதத்தால்தான் அவனுக்கு இந்தப் பட்டறையில் வேலை. மதியம் பரோல் அதிகாரி வருகிறார். குற்றம் இவன்மேல் விழுந்தால் இன்னும் நான்கு வருடம் சிறை.

"மிஸ் வெர்னா, உங்க வண்டிய நான் தொடவே இல்ல. தானே பாத்துக்கறேன்னார் இவர்."

வெர்னா அவன் பக்கம் திரும்பவில்லை. கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு நெஞ்சுதான் அதிகம் வலித்தது. நம்பி எழுதிய கடிதம், அதன் ஒவ்வொரு வரியும் நினைவுக்கு வந்தது.

"நேத்து நடந்ததை முதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள் டிரெஸா.

"காலைல இருந்தே கிறீச்சுன்னு சத்தம். புது பேட் ரெண்டு நாள் கத்தத்தான் செய்யும்னு ஹோபர்ட் சொல்லியிருந்தான். அதனால விட்டுட்டேன். 11.40க்கு இவன் வீடு. ரெண்டு ஹார்ன். நாய் ஓடி வந்துச்சு, புல்லுல கிடந்த சக்கரத்தத் தாண்டிக் குதிச்சு. அப்புறம் மேடு."

"கழட்டின பழசுன்னு உங்ககிட்ட என்ன குடுத்தாங்க?"

வெர்னா டோனட் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தாள். உள்ளே நான்கு பிரேக் பேட். ஞாயிறு மாலை ஹோபர்ட்டே கையில் கொடுத்தது. இப்போதுதான் அவள் மூடியைத் திறந்து ஒழுங்காகப் பார்த்தாள். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். விரல் செம்மண் நிறமானது.

ஹோபர்ட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹோபர்ட், எப்பவும் புது சாமான் வந்த பெட்டியிலதானே பழசை வெச்சுத் தருவ? இது ஏன் டோனட் பெட்டி?"

"அது... கைக்குக் கிடைச்சது."

"உரசற பக்கம் பூரா துரு. தினம் ஓடற வண்டியில இந்த இடம் வழவழன்னு இருக்கும். இது வருஷக்கணக்கா நின்ன வண்டியோடது." டிரெஸாவைப் பார்த்தாள். "இவன் மகன் கொலம்பஸ் டவுனுக்குப் போறப்ப விட்டுட்டுப் போன ஜீப் இவன் வீட்டுல நிக்குது. என் வண்டி மாதிரியே. மூணு வருஷமா அசையல. சனிக்கிழமை வரைக்கும் நாலு சக்கரமும் அதுலதான் இருந்துச்சு. நேத்து ஒண்ணு புல்லுல கிடந்துச்சு. தினம் பாக்கற வீடு, எனக்குத் தெரியாதா?"

டிரெஸா ரேடியோவில் பேசினாள். காலை 11.15க்கு, ஹோபர்ட் வீட்டுக்குப் போன போலீஸ்காரரிடமிருந்து பதில் வந்தது. அந்த ஜீப்பில் முன் பேட் நான்கும் இல்லை.

"டென்னி போய்க் கழட்டியிருப்பான்!" ஹோபர்ட்டின் குரல் உயர்ந்தது.

டிரெஸா, டென்னியின் பட்டை எழுதிவைத்திருந்த பதிவை எடுத்து நீட்டினாள். "சனி, ஞாயிறு பூரா பாத்துட்டேன். உங்க வீடு நாலு மைல் தள்ளி. இவன் அந்தப் பக்கமே போகல."

ஊரே நம்பாமல் ஒருவன் காலில் பூட்டிய பட்டை, அவனுக்காகச் சாட்சி சொன்னது.

ஹோபர்ட் உட்கார்ந்துவிட்டான். "பாக்கி கட்டலன்னு கடைக்காரன் எனக்கு சாமான் அனுப்பறதை நிறுத்திட்டான். உன்கிட்ட அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, வெர்னா. மகன் வண்டி பேட் துரு, மாட்ட முடியாது; கழட்டினதா காட்ட மட்டும் அதை எடுத்துட்டு, உன் பழசையே உள்ள விட்டுட்டேன். ஒரு வாரத்துல எப்படியாவது மாத்திடலாம்னு..."

"வாய் தொறந்து சொல்லியிருந்தா நான் வேற வண்டி கேட்டு வாங்கியிருப்பேன். கீழ பேருந்துல பதினெட்டுப் பிள்ளைங்கடா!" டென்னியைக் காட்டினாள். "சரி, பயந்துட்ட. இவனை ஏன் மாட்டிவிட்ட?"

"அவன் ஏற்கெனவே உள்ள இருந்தவன்தானே. யாரும் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

யாரும் கேட்கவில்லைதான். அவளும் கேட்கவில்லை. அந்த நினைப்பு அவளைச் சுட்டது. டென்னியிடம் போய் நின்றாள்.

"மன்னிச்சுடு. நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன்."

"பழக்கம்தான், மிஸ் வெர்னா," என்றான் அவன். அது அவளை இன்னும் சுட்டது.

டிரெஸா ஹோபர்ட்டின் தோளைத் தொட்டாள். அவன் எழுந்து, வாசலில் தயங்கி நின்றான். "வெர்னா, முப்பது வருஷப் பழக்கம்..."

"தோள் ஆறினதும் வேலைக்கு வருவேன்," என்றாள் அவள். "உன் தபாலை உன் பெட்டியில போடுவேன். அது என் வேலை. ஹார்ன் அடிக்க மாட்டேன்."