பை அறைக் கதவு

2005 நவம்பர் கடைசியில், அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் குழிகளை ஒட்டி இருந்த குப்பை எரிக்கும் ஆலையில், கிழிந்த வடிகட்டிப் பைகளை மாற்றுவதற்காகப் பை அறை காலையில் நிறுத்தப்பட்டு, மதியம் மறுபடி ஓட்டப்பட்டது.

ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஆபரேட்டர் சாமிதுரைக்கு அந்தச் சத்தம் கேட்டது.

பை அறையில் சத்தம் புதிதல்ல. எரிகிற குப்பையின் புகை பாய்லரில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, டர்பைன் சுற்ற நீராவி கொடுத்துவிட்டு, சுண்ணாம்புத் தூளைப் பூசிக்கொண்டு இந்த இரும்பு அறைக்குள் வந்து சேரும். உள்ளே ஆள் உயரத்தையும் தாண்டிய துணிப்பைகள் வரிசை வரிசையாகத் தொங்கும். சாம்பலையும் நஞ்சையும் அவை பிடித்துக்கொள்ள, மிச்சக் காற்று மட்டும் சிம்னிக்குப் போகும். பைகளை உதறுவதற்காகக் கம்ப்ரசர் காற்று ஒவ்வொரு வரிசையாக அடிக்கும். தப். பெரிய விலங்கு ஒன்று தூக்கத்தில் மூச்சுவிட்டுப் புரள்வதைப் போல ஓர் இடைவெளி. மறுபடி, தப். இந்த ஆலைக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தாளத்தில்தான் அவன் வேலை பார்த்தான். இன்று இரண்டு 'தப்' சத்தங்களுக்கு நடுவே இன்னொன்று கேட்டது. அது காற்று இல்லை. இரும்பில் எலும்பு மோதுகிற மாதிரி.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நேற்றிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. மழையில் ரோடு அறுந்து ஜெயங்கொண்டம் பஸ் நின்றுபோனதால் மாற்று ஆள் வரவில்லை. ஒரு ஷிப்டு முடிந்து அடுத்ததும் முடிந்து, இது எத்தனையாவது என்று எண்ணுவதையே விட்டிருந்தான். ஈரக் குப்பை பற்றாமல் புகைந்து, டீசலும் அழுகலும் கலந்த நாற்றம் சட்டையில் ஊறியிருந்தது. கண்ணை மூடினால் உள்ளே பைகள் அசைந்தன.

"தர்மா, உள்ள ஏதோ தட்டுதுப்பா."

ஃபிட்டர் தர்மராஜ் பீடியை அணைத்தான். "நேத்துலேருந்து தூங்காம நிக்கிறீங்க. உங்க காதுக்குள்ளயே ஒரு கம்ப்ரசர் ஓடும்ண்ணே. போயி டீயக் குடிங்க."

"ஆளுங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்கல்ல?"

"கதவுல துண்டு இருந்துச்சா? இல்லல்ல? அப்பறம் என்ன?"

துண்டு இருக்கவில்லை. சாமிதுரையே பார்த்தான். பை அறைக்குள் போகிறவன் தோளில் கிடக்கும் துண்டைக் கதவின் கைப்பிடியில் கட்டிவிட்டுப் போவான், வந்ததும் அவிழ்த்துக்கொள்வான். யாரும் எழுதிவைத்த விதி அல்ல. ஃபிட்டர்களே ஏற்படுத்திக்கொண்ட பழக்கம், ஒருநாளும் தவறியதில்லை. கடைசித் துண்டை அவிழ்த்தவன் தர்மராஜ். அவன்தான் கதவை மூடி போல்ட்டை முறுக்கினான். வெறும் கைப்பிடியைப் பார்த்துவிட்டுத்தான் சாமிதுரை புகைக் குழாயின் சக்கரத்தைத் திருகி, புகையை உள்ளே விட்டான்.

உரச்சாக்கைத் தலைக்குக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு கலியம்மாள் மழையில் வந்தாள். சாம்பல் அள்ளும் இரண்டு பெண்களில் ஒருத்தி.

"பஞ்சவர்ணத்தப் பாத்தீங்களா சார்? சோத்தப் பிரிச்சு வச்சிட்டு எம்புட்டு நேரம் உக்காந்திருக்கேன்!"

காலையில்கூட பஞ்சவர்ணம் அவனைப் பார்த்துச் சிரித்தாள். 'சார் நின்னுக்கிட்டே தூங்குறாருடி, பாத்து, சாம்பலோட சேத்து அள்ளிராத' என்றாள்.

"எங்க போச்சு அது?"

"பை மாத்துனப்ப கொட்டுன சாம்பல அள்ளணும்னு உள்ள போச்சுங்க. இந்த ஃபிட்டருங்க பின்னாடியேதான். அந்தக் கோடிக்கு."

"உள்ளயா? கதவுல துண்டு இல்லியே!"

கலியம்மாள் புரியாமல் பார்த்தாள்.

"பொம்பளைக்கு ஏதுங்க துண்டு?"

தப்.

சாமிதுரை ஓடினான். சக்கரத்தை மறுபக்கம் திருகித் திருகி, புகையை நேரே சிம்னிக்குத் திருப்பினான். உதறும் காற்றையும் அடைத்தான். ஃபேன் வெளிக்காற்றை மட்டும் உள்ளே இழுத்தது. சிம்னியில் கரும்புகை எழுந்து மழையில் தாழ்ந்து முற்றத்தில் பரவியது. தர்மராஜ் போல்ட்டில் கைவைத்து, வெந்து, கையை இழுத்துக்கொண்டான். கதவு சிவக்கவில்லை, அவ்வளவுதான்.

பைகள் அடங்கின. அந்த இன்னொரு சத்தம் அடங்கவில்லை.

"தட்டுறா!" கலியம்மாள் அலறினாள். "உசுரோட இருக்கா! தொறங்கய்யா!"

"இப்பத் தொறந்தா வெளிய நிக்கிற நாமளும் வெந்துருவோம்மா. கொஞ்சம் ஆறட்டும்." தர்மராஜ் அவளைப் பிடித்து நிறுத்தினான். ஸ்பேனரை எடுத்துக் கதவில் இருமுறை தட்டினான்.

உள்ளிருந்து இருமுறை பதில் வந்தது.

"கேட்டீங்களாண்ணே?" அழுகையும் சிரிப்புமாகத் திரும்பினான். "பஞ்சு! பயப்படாத! வந்துட்டோம்!"

சாமிதுரை சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வடை பொரிகிற எண்ணெயின் சூடு. இறங்கிக்கொண்டிருந்தது, மெதுவாக. அந்தச் சூட்டில் ஓர் ஆள் எவ்வளவு நேரம் நிற்கமுடியும் என்று அவனுக்குத் தெரியும். அந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

தட்டல் தளரவில்லை. கெஞ்சவுமில்லை. ஒரே பலம். ஒரே இடம். கதவின் நடுவில், ஆள் நெஞ்சு உயரத்தில்.

நின்றுவிடக் கூடாதா என்று நினைத்தான். நினைத்ததற்காக வெட்கினான். மறுபடி அதையே நினைத்தான்.

மழை கேட்டது. கலியம்மாளின் விசும்பல் கேட்டது. தட்டல் கேட்டது. உட்கார வேண்டும்போல இருந்தது. படுக்க வேண்டும்போல. அப்படியே தூங்கிப்போனால். விழித்தால் இது எதுவும் இல்லாமல் போனால்.

இருட்டுகிற நேரத்தில் இரும்பு தொடுகிற பதத்துக்கு வந்தது. தர்மராஜ் போல்ட்டுகளைக் கழற்றினான். கடைசி போல்ட்டு விழுந்த பிறகும் உள்ளே தட்டிக்கொண்டுதான் இருந்தது. சாமிதுரை கதவைப் பிடித்து இழுத்தான்.

சத்தம் நின்றது.

கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

டார்ச் வெளிச்சம் தொங்கும் பைகளின் ஊடே நுழைந்து போனது. வெளுத்த பைகள். ஒன்றும் அசையவில்லை. அறையின் கோடியில், சாம்பல் கூடையை மடியில் வைத்தபடி பஞ்சவர்ணம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமும் புடவையும் பைகளைப் போலவே வெளுத்திருந்தன. வாய் நிறையச் சாம்பல். திறந்த கண்களின் மேல் சாம்பல்.

அவளுக்கும் கதவுக்கும் நடுவே தளம் முழுக்கச் சாம்பல் படிந்திருந்தது. சலித்த மாவு மாதிரி. சமமாக. ஒரு காலடி இல்லை. ஒரு கோடு இல்லை.

கலியம்மாளின் அழுகை பாதியில் அறுந்தது. தர்மராஜ் தரையைப் பார்த்தான். பிறகு சாமிதுரையைப் பார்த்தான். யாரும் உள்ளே கால்வைக்கவில்லை.

சாமிதுரையின் கை இன்னும் கதவில் இருந்தது. திறந்து கிடந்த கதவின் உட்பக்கம், டார்ச் வெளிச்சத்தில், வெறும் இரும்பு. அந்த இரும்பு அவன் உள்ளங்கைக்குக் கீழே அதிர்ந்தது.

இருமுறை.

பஞ்சவர்ணத்தின் உடலை அன்றிரவே குப்பை லாரியில் டவுனுக்குக் கொண்டுபோனார்கள். மழை விட்டபின் ஆலை மறுபடி ஓடியது.